பீரங்கியின் கண் எங்கே இருக்க வேண்டும்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் படைவீரர் கூட்டம் நடந்தது. பென்ஷன், மருத்துவ அட்டை, கேன்டீன் சாமான் என்று எப்போதும் பேசுவதையெல்லாம் பேசி முடித்த பிறகு, சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். என்னைப் போலவே பீரங்கிப்படைக்காரர். இனி வரப்போகும் போர் எப்படி இருக்கும் என்று பேசினார். ட்ரோன் வந்துவிட்டது, எல்லாவற்றையும் திரையில் பார்த்துவிடலாம், ஆகவே பீரங்கிக்குக் குறி சொல்லும் ஆட்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து மலை உச்சியில் குளிரில் உட்கார வைக்கத் தேவையில்லை, எல்லாரையும் பின்னால் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு தேவைப்படும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும் என்றார். கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். கூட்டத்தை நடத்திய பழைய கிளார்க், "சாப்பாடு ஆறிக்கினு இருக்குது சார், சுருக்கா முடிங்க" என்றார். அதற்கு நான் கோபப்படவில்லை. பிரிகேடியர் சிரித்தபடி சொன்னதற்குத்தான் கோபம் வந்தது. "சுபேதார் சாப் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முன்னணியில் இருந்தவர்களுக்கு அந்த உணர்ச்சி இருக்கும். ஆனால் உணர்ச்சியை வைத்து ராணுவத்தை அமைக்க முடியாது" என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள்.

நான் சொல்ல வந்தது உணர்ச்சி அல்ல. ஒரு பகலில் என் கண் முன்னாலேயே நடந்தது. அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

பட்டாளத்தைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பீரங்கி நிற்கிற இடத்திலிருந்து எதிரி தெரிய மாட்டான். பீரங்கி மலைக்குப் பின்னால், பள்ளத்தில், வெகுதூரம் தள்ளி நிற்கும். அதைச் சுடுகிறவனுக்குத் தன் குண்டு எங்கே விழுந்தது என்று தெரிய வழியே இல்லை. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் குழு முன்னால் போய்க் காலாட்படைக்காரர்களோடு, அவர்களுடைய பங்கரிலேயே தங்கியிருக்கும். ஓர் அதிகாரி, மேப்பும் கணக்கும் பார்க்க என்னைப் போல் ஒருவன், ரேடியோ ஆட்கள் இரண்டு மூன்று பேர். அவ்வளவுதான். அப்சர்வேஷன் போஸ்ட், சுருக்கமாக ஓ.பி. குழு என்போம். சம்பளமும் பெயர்ப்பதிவும் பீரங்கி ரெஜிமென்டில். சோறும் தூக்கமும் காலாட்படையில். இந்தக் குழு யாருக்குச் சொந்தம் என்ற சண்டை பீரங்கி கண்டுபிடித்த நாளிலிருந்து நடக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் திண்டிவனத்துப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்தது, மற்றதெல்லாம் வரவில்லை. ஆள் எடுப்பு நடந்த மைதானத்தில் ஓடி முடித்து, எடை போட்டு, ரயிலேறினேன். பயிற்சியில் முதலில் பீரங்கி துடைக்க வைத்தார்கள். பிறகு ஒரு ஹவில்தார் என் கணக்கைப் பார்த்துவிட்டு மேப் வேலைக்கு இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வடக்கு எல்லையில் பனிமலைக்குப் போகும்போது நானும் ஹவில்தார் ஆகியிருந்தேன்.

என் அதிகாரி கேப்டன் ஜோஷி. மகாராஷ்டிரக்காரர், ஒல்லி, நடக்கும்போது தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். எங்கள் குழுவை நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு தென்னிந்தியக் காலாட்படைக் கம்பெனியோடு சேர்த்தார்கள். கம்பெனி கமாண்டர் மேஜர் குரியன். கோட்டயத்துக்காரர். முதல் நாளே ஜோஷியிடம், "உங்களுக்குத் தனி பங்கர் கிடையாது. என் பங்கரில் பாதி உங்களுக்கு. நான் எது சொன்னாலும் உங்கள் காதில் விழ வேண்டும், நீங்கள் எது சொன்னாலும் என் காதில் விழ வேண்டும்" என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே இருந்தது.

அந்தோணியை அங்கேதான் பார்த்தேன். ரோந்துக்குப் போகிறவர்களோடு ரேடியோ செட்டைச் சுமந்துகொண்டு போகிற சிப்பாய். நான் வந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு யாரிடமோ தண்ணீர் கேட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்தூருண்ணா நீங்க?"

"திண்டிவனம் பக்கம்."

"நெனச்சேன். பேச்சைக் கேட்டாலே தெரியுதே. நான் முண்டியம்பாக்கம்ணா. இவனுங்க எல்லாம் மதுரை, தின்னவேலின்னு பேசிக்கினு இருக்கானுங்க. எனக்கு ஒரே பேஜாராப் போச்சு."

அவனுக்கு எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிற பழக்கம். எங்கள் நிலைக்கு இடது கைப்பக்கம் மலையின் ஒரு தோளைத் தாண்டினால் ஒரு பெரிய சரிவு. எங்கள் பங்கரிலிருந்து அது தெரியாது. பனி உருகினால் சரிவு முழுக்கச் செம்பழுப்பாகச் சின்னச் சின்னக் கற்கள், காய வைத்தது போலப் பரந்து கிடக்கும். அதை மல்லாட்டைக் களம் என்றான் அந்தோணி. மதுரைக்காரப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். "கடலைன்னு சொல்லுடா, மல்லாட்டையாம்" என்றார்கள். "பேரு வச்சவன் நான். நீ போய் வேற மலைக்கு வச்சுக்க" என்றான். அந்தப் பெயரே நின்றுவிட்டது. களத்தின் மேல்கோடியில் உருண்டையாக நின்ற பாறை பானைக்கல். களத்துக்கு அந்தப் பக்கம், எதிரியின் பக்கமாக, நீளமாகக் கிடந்த ஒரு மண்முகடு வரப்பு. மேஜர் குரியன் ரேடியோவில் மல்லாட்டை என்றே சொல்லுவார். கேப்டன் ஜோஷிக்கு அது மல்லாட்டா.

ஜோஷியின் வேலை முறையை நான் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இந்த விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஓ.பி. அதிகாரி உச்சியில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தால் போதும் என்று சட்டம் சொல்லும். ஜோஷி அதோடு நிற்க மாட்டார். ரோந்து போகிறவர்களோடு முறை வைத்துத் தானும் போவார். என்னையும் கூட்டிப்போவார். நின்று மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடத்திலும் என்னைப் பார்ப்பார். நான் மேப்பில் அந்த இடத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு ரோந்துக்காரர்களைக் கேட்பார்: இங்கே உங்கள் மேல் சூடு வந்தால் எங்கே படுப்பீர்கள்? யார் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? அவர்கள் காட்டுவார்கள். அதையும் மேப்பில் பார்ப்போம். "எதிரி எங்கே என்பது இரண்டாவது கேள்வி. நம் ஆள் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவன் சுடவே முடியாது" என்பார்.

பீரங்கியைக் கூப்பிடுகிற முறை இதுதான். முதலில் இலக்கின் எண். பிறகு நாம் பார்க்கிற திசை. பிறகு அங்கே என்ன இருக்கிறது என்ற விவரம். பீரங்கிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்வார்கள். ஒரு எண் மாறினாலும் குண்டு நம் தலையில் விழும் என்பதால் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்க வேண்டும். முதலில் ஒரே ஒரு குண்டு. அது விழுந்த இடத்தைப் பார்த்து இடது, வலது, கூட்டு, குறை என்று திருத்தம் சொல்லி நெருங்கிக்கொண்டே போக வேண்டும். நம் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் முதல் குண்டை வேண்டுமென்றே தூரத்தில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும்.

இந்தக் கொஞ்சம் என்கிற சொல்லில் ஒரு விஷயம் இருக்கிறது. சரிவுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியாது என்பதால், அங்கே குண்டு விழுந்ததை அங்கிருக்கிற அந்தோணிதான் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்தபோது அவன், "இன்னும் கொஞ்சம் கீழ" என்பான். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவனை நேரில் நிற்க வைத்துக் கேட்டோம். எங்கள் ஊர்த் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவனுக்குக் கொஞ்சம். "நல்லா கீழ" என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. மதுரைப் பையன் ஒருவனுக்குக் கொஞ்சம் என்றால் பத்தடி. ஒவ்வொருவனுடைய அளவும் ஜோஷிக்கும் எனக்கும் மனப்பாடம். இதை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க முடியாது. கூடவே தின்று, கூடவே நடுங்கி, கூடவே நடந்தால்தான் வரும்.

இனி எங்கள் கர்னலைப் பற்றி. பீரங்கி ரெஜிமென்டின் தலைவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எந்த நிலைக்கு வந்தாலும் முதலில் சமையல்காரனிடம் போய், நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அடுத்தவர் பேசுவதை முழுக்கக் கேட்பார். நடுவில் வெட்ட மாட்டார். அவர் அறையில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஓ.பி. குழுவுக்கும் ஒரு கலர் அட்டை. எந்த அட்டை எந்தக் கம்பெனிக்கு நேராக இருக்கிறதோ அந்தக் குழு அங்கே இருக்கும். அட்டையைச் செருகிய பிறகு கட்டை விரலால் தடவி நேராக்குவார்.

அவருடைய எண்ணம் இது. ஒரு குழு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டால், அந்தக் குழுவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாளில் அந்த இடம் வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாக் குழுவும் எல்லா இடத்தையும் பழக வேண்டும், அதற்காக அவ்வப்போது மாற்ற வேண்டும். இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு தொல்லையை அவர் பார்த்திருக்கிறார். முட்டாள் ஒருவர் செய்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் ஆத்திரம் தங்கியிருக்காது. நல்ல மனிதர், யோசித்து, பலகையைப் பார்த்து, செய்தார்.

பனி உருகத் தொடங்கிய சமயம் எங்கள் அட்டையைப் பக்கத்து மலைக்கு நகர்த்தினார். மேஜர் குரியன் போனில் பேசிப் பார்த்தார். கர்னல் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் ஒரே விதி என்றார்.

குழு மாறும்போது பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து சில நாள் இருக்க வேண்டும். ஒன்றாக நடந்து இடத்தைக் காட்ட வேண்டும். பாதை மூடலாம் என்று வானிலைச் செய்தி வந்ததால் அதைச் சுருக்கி, அரை நாளில் முடிக்கச் சொன்னார்கள். எங்கள் இடத்துக்கு வந்தவர் இளைய லெப்டினன்ட். ஹரியானாக்காரர். கெட்டிக்காரர், பணிவானவர். நான் மேப்பை விரித்து மல்லாட்டைக் களம், பானைக்கல், வரப்பு என்று காட்டினேன். தமிழ்ச் சொல்லை அவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். களத்துக்குக் கூட்டிப்போக நேரமில்லை. யாருடைய கொஞ்சம் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே அதை வாயால் சொல்லும்போது விளையாட்டு போலத்தான் இருந்தது. கீழே வண்டி ஹாரன் அடித்தது.

அந்தோணி மூட்டையைத் தூக்கிவிட்டான். "இன்னாண்ணா இது, வீட்டை உட்டு வாடகைக்குப் போற மாதிரி பண்றாங்க" என்றான்.

"பக்கத்து மலைதாண்டா. கூப்பிட்டா கேக்கும்."

"கேக்கும்ணா. வர முடியாதே."

நாங்கள் போன சில நாட்களில், ஒரு காலை வேளையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, அந்தக் கம்பெனியின் ரோந்து மல்லாட்டைக் களத்தில் மாட்டிக்கொண்டது. வரப்புக்குப் பின்னாலிருந்து எதிரி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டான். ரோந்தின் தலைவனுக்கு முதலிலேயே தோளில் அடி. செட்டை வைத்திருந்த அந்தோணிதான் பேச வேண்டியதாயிற்று.

பக்கத்து மலையில் இருந்த எங்களுக்கு வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் ரெஜிமென்டின் ரேடியோ எல்லா ஓ.பி.க்கும் பொது. அந்த லெப்டினன்ட் பீரங்கியைக் கூப்பிடுவது கேட்டது. எண் சரியாகத்தான் சொன்னார். நம் ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதால் முதல் குண்டை வெகுதூரத்தில் போட்டார். அதுவும் சரி. அதற்குப் பிறகுதான் இழுபறி. அந்தோணி தமிழில் மேஜரிடம் சொல்ல வேண்டும். மேஜர் அதை ஆங்கிலத்தில் லெப்டினன்டிடம் சொல்ல வேண்டும். லெப்டினன்ட் பீரங்கிக்குச் சொல்ல வேண்டும். நான் உதிரி செட்டைப் பழைய கம்பெனியின் அலைவரிசைக்குத் திருப்பினேன். அந்தோணியின் குரல் வந்தது.

"கொஞ்சம் கீழ சார். இன்னும் கொஞ்சம் கீழ."

லெப்டினன்ட் பத்தடி குறைப்பது போலக் குறைத்தார். எவ்வளவு என்று தெரியாதவர் அப்படித்தான் செய்வார். குண்டு வரப்பை விட்டு எங்கேயோ விழுந்தது. மறுபடியும் கொஞ்சம். மறுபடியும் எங்கேயோ. ஜோஷி என்னைப் பார்த்தார். நான் மேப்பில் வரப்பின் மேல் விரலை வைத்திருந்தேன். அந்த இடத்தின் எண்ணை நாங்கள் நடந்து பார்த்து எடுத்திருந்தோம்.

ஜோஷி பொது ரேடியோவில் பேசினார். அந்த இடம் எனக்குத் தெரியும், பீரங்கியை என்னிடம் கொடுங்கள் என்று அனுமதி கேட்டார். பீரங்கிப் பக்கத்திலிருந்து, காத்திருங்கள் என்று பதில். பீரங்கி அந்த நேரத்தில் லெப்டினன்டுக்கு ஒதுக்கப்பட்டது. வேறு ஒருவர் சொல்வதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. காத்திருந்தோம். பிறகு கர்னலின் குரல், எப்போதும் போலத் தணிவாக வந்தது. "பொறுப்பில் இருக்கும் ஓ.பி. வேலை செய்துகொண்டிருக்கிறது. மற்றவர்கள் குறுக்கே பேச வேண்டாம்."

அந்த நேரத்தில் ஒரு குண்டு களத்தின் பக்கமே விழுந்தது. லெப்டினன்ட் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நம் ஆட்கள் எங்கே என்று உறுதி செய்யுங்கள் என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானாக இருந்தாலும், அந்த ஆட்களைத் தெரியாமல் இருந்திருந்தால், நிறுத்தியிருப்பேன். பீரங்கி சும்மா நின்றது. வரப்பிலிருந்து இயந்திரத் துப்பாக்கி மட்டும் நிற்காமல் சுட்டுக்கொண்டிருந்தது.

ஜோஷி மறுபடியும் அனுமதி கேட்டார். பதில் இல்லை. அவர் என்னிடம், "அவனோடு பேசு" என்றார்.

நான் உதிரி செட்டை எடுத்தேன். "அந்தோணி, நான்தான். எந்தாண்ட கீற?"

செட் இரைந்தது. பிறகு, "அண்ணா. பானைக்கல்லுக்குக் கீழண்ட. எல்லாரும் இங்கதான் படுத்துக்கினு இருக்கறோம்."

"களத்துல யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்லண்ணா. எல்லாம் கல்லாண்ட வந்துட்டோம். அவன் வரப்பாண்ட கீறான், மேக்காலக் கோடி. நீங்க அடிங்கண்ணா. ஜல்தி."

நம் ஆள் எங்கே என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஜோஷி ரேடியோவை வாயருகே கொண்டுபோய், அனுமதி இல்லாமலே பீரங்கிக்கு எண்ணைச் சொல்லத் தொடங்கினார். பீரங்கிப் பக்கத்தில் தயங்கினார்கள். யாருடைய உத்தரவை எடுத்துக்கொள்வது என்று கேட்டார்கள். அப்போது அந்த லெப்டினன்ட் குறுக்கிட்டார். "அவர் சொல்வதை எடுங்கள். எனக்குச் சம்மதம். எனக்கு இந்த இடம் தெரியவில்லை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அந்த வயதில் அப்படி ஒரு வார்த்தை சொல்ல மனசு வேண்டும். இருந்தும் பீரங்கி, கர்னல் வாயால் சொல்லும்வரை நின்றது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கர்னல், "எடுங்கள்" என்றார்.

எங்கள் மலையிலிருந்து வரப்பின் மேல்விளிம்பு மட்டும் தெரியும். முதல் குண்டின் புகை அங்கேயே எழுந்தது. அந்தோணி, "அங்கதாண்ணா, அங்கதான்" என்றான். ஜோஷி எல்லாப் பீரங்கிகளையும் சுடச் சொன்னார். வரப்பு புகையில் மறைந்தது. இயந்திரத் துப்பாக்கி நின்றுவிட்டது.

ரோந்தை மீட்கப் போனவர்கள்தான் பார்த்தார்கள். அந்தோணியின் தொடையில் ஆரம்பத்திலேயே குண்டு பட்டிருக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். தனக்கு அடிபட்டதை மேஜரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. டாக்டர் இருந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கும் வழியில் இறந்தான். ரத்தம் போய்த்தான் இறந்தான், சீக்கிரம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் மேஜரிடம் சொன்னார்.

பிறகு விசாரணை. விசாரித்தது கர்னல் அல்ல, வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரி. என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பீரங்கி ஏன் இழுபறிப்பட்டது, குழுவை ஏன் அரை நாளில் மாற்றினார்கள், அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் ஏன் பக்கத்து மலையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள்.

"கேப்டன் ஜோஷி அனுமதி வாங்கிவிட்டுப் பேசினாரா?"

"அனுமதி கேட்டார்."

"பேசுவதற்கு முன்னால் கிடைத்ததா?"

"இரண்டாவது தடவை கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை."

"ஆகவே கிடைக்கவில்லை."

"பதில் கிடைக்கவில்லை, சார்" என்று மறுபடியும் சொன்னேன். போகச் சொன்னார்கள். ரேடியோ ஒழுங்கை மீறியதற்காக ஜோஷிக்குக் கண்டனம் கொடுத்தார்கள். அவர் அதைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ராணுவத்தில் நீடிக்கவில்லை. நல்ல ஓ.பி. அதிகாரியைப் பார்ப்பதே அபூர்வம். அவரை இழந்ததைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை.

மேஜர் குரியன் மலையிலிருந்து இறங்கி வந்தார். கர்னலின் அறைக்கு வெளியே நான் நின்றிருந்தேன், கதவு திறந்தே இருந்தது. குரியன் உட்காரவில்லை.

"சார், என் கம்பெனியின் சமையல்காரனை மாற்றுவதானால்கூட என்னைக் கேட்கிறார்கள். ஓ.பி. குழுவை மாற்றும்போது எனக்குச் செய்தி மட்டும்தான் சொன்னீர்கள். என் ஆட்களைத் தெரிந்தவர்களை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்."

கர்னல் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து பலகைக்குப் போய், எங்கள் அட்டையைப் பழைய இடத்தில் செருகினார். அந்த அட்டையை விரலால் தடவி நேராக்கவில்லை.

இதுதான் நடந்தது. இப்போது என் கருத்தைச் சொல்கிறேன், பிரிகேடியருக்கும் அவருக்குக் கை தட்டியவர்களுக்கும்.

ஓ.பி. குழுவை முழுக்கக் காலாட்படைக்கே எழுதிக் கொடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் பீரங்கி வேலை மறந்துபோகும். பெரிய தாக்குதல் வந்தால் எல்லாப் பீரங்கியையும் ஒரே இடத்தில் திருப்ப வேண்டும், அதற்கு ஒரே தலைமை வேண்டும். அது எனக்கும் தெரியும், அந்த வேலையிலேயே நரைத்தவன் நான். பெயர் பீரங்கியில் இருக்கட்டும், பயிற்சி பீரங்கியில் நடக்கட்டும். ஆனால் ஒரு குழுவை ஒரு கம்பெனியோடு சேர்த்தால், அந்தக் கம்பெனி மலையேறும் நாளிலிருந்து இறங்கும் நாள் வரை பிரிக்கக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கம்பெனி கமாண்டரைக் கேட்டு, புதியவர்கள் பழையவர்களோடு நடந்து பழகிய பிறகு மாற்ற வேண்டும். ஆள் நோயாகி விழுவான் என்ற பயம் இருந்தால், கூடவே இன்னொருவனைப் போட்டுப் பழக்கி வை. இருக்கிறவனைப் பிடுங்காதே.

ட்ரோன் வரட்டும். நன்றாக வரட்டும். அது எங்கள் கையில் அன்றைக்கு இருந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்போம். ஆனால் பானைக்கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறவன் யார், அவன் கொஞ்சம் என்றால் எவ்வளவு, அவன் வாயில் வருவதை நம்பிக் குண்டு போடலாமா என்று திரையில் எழுதியிருக்காது. எங்கோ பின்னால் ஏசி அறையில் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு, காலையில் ஒரு கம்பெனி, மதியம் ஒரு கம்பெனி, எல்லாம் திரையில் ஊர்கிற புள்ளிகள்தான். சந்தேகம் வந்தால் அவன் சுடுவதை நிறுத்துவான். நிறுத்துவதுதான் சரி. அந்த லெப்டினன்ட் மாதிரி அவனும் சரியாகத்தான் செய்வான். எல்லாரும் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அங்கே ஒருவன் ரத்தம் போய்ச் சாகிறான். இதை உணர்ச்சி என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அந்த வருஷம் லீவில் வந்தபோது முண்டியம்பாக்கத்துக்குப் போனேன். அந்தோணியின் அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தார். அக்கா ஆள் அனுப்பினாள். வந்தவர் கை கால் கழுவிக்கொண்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"நீங்கதான் அந்தப் பீரங்கிக்காரருங்களா?"

"ஆமாங்க."

"போன்ல சொல்லுவான். திண்டிவனத்துக்காரரு ஒருத்தரு கீறாரு, எங்க மேல எதுனா வந்தா அவரு பாத்துக்குவாருன்னு." மகள் கொண்டுவந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்கி நீங்க எங்கங்க இருந்தீங்க?"

"பக்கத்து மலையிலங்க. எங்களை மாத்திட்டாங்க."

"ஏங்க மாத்தினாங்க?"

"எல்லாரும் எல்லா இடத்தையும் பழகணும்னு மாத்தினாங்க."

"பழகிட்டாங்களா?"

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க. தம்பி போனப்புறம் எங்களையே அதே எடத்துக்குத் திரும்ப அனுப்பிட்டாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப முதல்லயே உட்டிருக்கலாமேங்க" என்றார்.

மகளைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன்.